கேம் நடுவில் டிஸ்ப்ளே டிரைவர் கிராஷ் ஆகிக்கொண்டே இருக்கிறது – ஆர்டிஎக்ஸ் 3070 கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11

இரவுக்கழுகு:
வணக்கம் மக்களே. கேம் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே இருட்டாகிறது, இரண்டு மூன்று விநாடி கழித்து டெஸ்க்டாப் திரும்பி வருகிறது, ஆனால் கேம் போய்விடுகிறது. பிசி ரீஸ்டார்ட் ஆவதில்லை, நீலத் திரையும் வரவில்லை. டிஸ்கார்டில் பசங்க பேசுவது நிற்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும், திரையில் மட்டும் ஒன்றும் இருக்காது. விண்டோஸ் பிழைகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு தடவையும் 4101 என்ற எண், சில சமயம் அதோடு சேர்த்து 153. "டிஸ்ப்ளே டிரைவர் பதிலளிப்பதை நிறுத்தியது, வெற்றிகரமாக மீண்டது" என்கிறது. மீண்டது டிரைவர், ரேங்க் போனது எனக்கு.

ரைசன் 5 5600, பி550 போர்டு, 16 ஜிபி ரேம் எக்ஸ்எம்பி (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் பயாஸ் அமைப்பு) போட்டு 3200-இல், 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). கார்டு செகண்ட் ஹேண்ட், மூன்று ஃபேன் வைத்த மாடல், பெட்டியிலேயே ஓவர்கிளாக் எடிஷன் என்று போட்டிருக்கும். விற்ற கடையில் கேட்டால் "டிரைவர் பிரச்சினைதான், விண்டோஸை ஃபார்மட் அடிங்க தம்பி" என்றார்கள். அடித்தேன். அப்படியேதான் இருக்கிறது.

பிக்சல்பாண்டி:
டிடியூ (பழைய டிஸ்ப்ளே டிரைவரைத் துடைத்தெடுக்கும் டூல்) போட்டீங்களா ப்ரோ? சும்மா புது டிரைவரைப் பழசு மேலேயே ஏற்றினால் சரியாகாது. டிடியூவை முதலில் டவுன்லோட் செய்து வைத்துக்கொண்டு, லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, சேஃப் மோடில் போய் சுத்தமாக நீக்குங்கள். நெட்டை விட்டுவைத்தால் நீங்கள் கண் சிமிட்டுவதற்குள் விண்டோஸ் அப்டேட் தன் கையிலிருக்கும் ஏதோ ஒரு டிரைவரை உள்ளே தள்ளிவிடும், பாதிப் பேர் டிடியூ வேலை செய்யவில்லை என்று சொல்வது இதனால்தான்.

எந்த வெர்ஷன் போட்டிருக்கீங்க? 2025 ஆரம்பத்தில் வந்த 572 வரிசையில் கறுப்புத் திரை, கிராஷ் என்று நிறையப் பேர் புலம்பி, 30, 40 சீரிஸ்காரர்கள் 2024 டிசம்பரில் வந்த 566.36-க்கே திரும்பிப் போனார்கள். அப்புறம் ஏப்ரலில் 576.02 வந்து ஒரு பெரிய பட்டியலையே சரிசெய்தது.

இரவுக்கழுகு:
டிடியூ, சேஃப் மோட், லேன் கேபிள் எல்லாம் ஆச்சு ப்ரோ. 566.36 போட்டேன், அதிலும் கிராஷ். இப்போது இருக்கும் புதியதிலும் கிராஷ். ஒரே ஒரு கேம் என்றால் அந்த கேமைத் திட்டிவிட்டுப் போய்விடுவேன். வேலரன்ட், சைபர்பங்க், பழைய ஜிடிஏ 5, எல்லாவற்றிலும் வருகிறது.

ஈரோட்டுக்காரன்:
எஸ்எம்பிஎஸ். வேறு யோசனையே வேண்டாம். 3070-க்கு 220 வாட் என்று போட்டிருப்பது சராசரிக் கணக்குதான், மில்லிவிநாடிக் கணக்கில் அது அதைவிட எவ்வளவோ மேலே எகிறி இறங்கும். பழைய எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காது. ஏடிஎக்ஸ் 3.0 என்று புது ஸ்டாண்டர்டே இந்தக் குதிப்பை மனதில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

இன்னொன்று, கார்டுக்குப் போகிற இரண்டு 8 பின் கனெக்டரும் ஒரே கேபிளிலிருந்து பிரிந்து வருகிறதா பாருங்கள். ஸ்லாட் 75 வாட் கொடுக்கும், ஒரு 8 பின் 150 வாட். மீதியெல்லாம் ஒரே கேபிளில் வாலாட்டிக்கொண்டு வந்தால் வோல்டேஜ் இறங்கத்தான் செய்யும். தனித்தனிக் கேபிள் போடுங்கள். எங்க ஊரில் சாயங்காலம் ஆனால் லைனில் 190-க்கு வந்துவிடும், அதுவும் ஒரு காரணம்.

மெமரிலீக்:
இவ்வளவு கஷ்டம் எதுக்கு? ரெஜிஸ்ட்ரியில் கிராஃபிக்ஸ் டிரைவர்ஸ் என்ற கீயில் டிடிஆர் டிலே என்று ஒரு வேல்யூ உருவாக்கி 60 கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். யூடியூபில் அத்தனை வீடியோவிலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

சால்டரிங் அயர்ன்:
60 போடாதீர்கள். அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு போடுவதென்றால் போடலாம்.

விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸில் ஒரு காவல்காரன் இருக்கிறான். ஜிபியு-வுக்கு (கிராஃபிக்ஸ் கார்டின் சிப்) கொடுத்த வேலையை அது இரண்டு விநாடிக்குள் முடிக்கவும் இல்லை, நடுவில் நிறுத்தி வழிவிடவும் இல்லை என்றால், "இது தொங்கிவிட்டது" என்று முடிவுகட்டி டிரைவரையும் கார்டையும் ரீசெட் செய்துவிடுவான். அந்த இருட்டு அதுதான். அந்த நேரத்தில் எழுதிவைப்பதுதான் 4101. ஒரு நிமிடத்துக்குள் இது ஐந்து தடவைக்கு மேல் நடந்தாலோ, ரீசெட்டே பலிக்காமல் போனாலோதான் நீலத் திரை, 116 என்ற எண்ணோடு.

அந்த இரண்டு விநாடியைத்தான் அந்த வேல்யூ 60 ஆக்குகிறது. 3டி பெயின்டிங், ரெண்டரிங் செய்கிறவர்களுக்கு ஒரே வேலை நியாயமாகவே ரொம்ப நேரம் ஓடும், அவர்களுக்கு அது தேவை, அந்த மென்பொருட்களின் உதவிப் பக்கத்திலேயே சொல்லியிருப்பார்கள். கேமில் ஒரு ஃப்ரேம் இரண்டு விநாடி ஓடுவதற்கு ஒரு நியாயமும் கிடையாது. நீங்கள் 60 போட்டால் கிராஷ் நிற்காது, இரண்டு விநாடி இருட்டுக்குப் பதில் ஒரு நிமிடம் உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

பிழைச்செய்தியில் டிரைவர் பெயர் இருக்கிறது என்பதற்காக டிரைவரையே மாற்றி மாற்றிப் போடுவது, காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை மாற்றுகிற கதை. சுத்தமாக ஏற்றிய இரண்டு வெவ்வேறு வெர்ஷன், எல்லா கேமிலும் அதே கிராஷ். என்னைக் கேட்டால் டிரைவரை இத்தோடு விட்டுவிடலாம்.

கழுகு தம்பி, சில கேள்விகள். எக்ஸ்எம்பியை ஆஃப் செய்து பார்த்தீர்களா? ரேம் தப்பு செய்தாலும் பழி டிரைவர் மேல்தான் விழும். ஈவென்ட் வியூவரில் டபிள்யூஹெச்இஏ லாகர் (ஹார்டுவேர் பிழைகளைப் பதிவது) என்று ஏதாவது வருகிறதா, குறிப்பாக 17? அது போர்டையும் கார்டையும் இணைக்கும் பிசிஐ லைனில் கோளாறு என்பதற்கு அடையாளம், கார்டை நிமிர்த்தி வைக்க ரைசர் கேபிள் போட்டிருந்தால் முதலில் பயாஸில் அந்த லைனின் வேகத்தை ஜென் 3-க்கு இறக்கிப் பார்க்க வேண்டும். கிராஷ் எப்போது வருகிறது, சூடாகிய பிறகா, ஆரம்பத்திலா? கார்டை முழுச் சுமையில் வாட்டும் ஃபர்மார்க் டெஸ்டை ஓட்டினால் வருகிறதா? கிளாக், சூடு, பவர் எல்லாம் காட்டும் ஹெச்டபிள்யூ இன்ஃபோவைப் பின்னால் லாகிங்கில் ஓடவிட்டு, கிராஷுக்கு முந்தைய வரிகளைப் போடுங்கள்.

ஈரோட்டு அண்ணே, 190 வோல்ட் விஷயம் மட்டும்: எஸ்எம்பிஎஸ் மேலே ஒட்டியிருக்கும் லேபிளில் 100–240 என்று இருந்தால் அதற்கு 190 ஒரு பொருட்டே இல்லை. மற்றபடி கேபிள் பற்றிச் சொன்னது சரி.

இரவுக்கழுகு:
ரைசர் இல்லை, நேராக போர்டில்தான். டபிள்யூஹெச்இஏ எதுவும் இல்லை. எக்ஸ்எம்பி ஆஃப் செய்து 2133-இல் ஓட்டினேன், எஃப்பிஎஸ் விழுந்ததுதான் மிச்சம், கிராஷ் வந்தது. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், ஒரு பிழை இல்லை. கேபிள் முதலிலிருந்தே தனித்தனியாகத்தான் போட்டிருக்கிறேன்.

ஃபர்மார்க் அரை மணிநேரம் ஓட்டினேன், கார்டு 76 டிகிரி, அசையவே இல்லை. அதனால்தான் கடைக்காரரும் கார்டு ஓகே என்கிறார்.

எப்போது வருகிறது என்று கேட்டதால்தான் யோசித்தேன், சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய சண்டைக் காட்சியில் வருவதை விட லாபியில், மெனுவில், லோடிங் முடிந்து மேப் திறக்கும் அந்த நொடியில்தான் அதிகம் வருகிறது. பிசியைப் போட்டு முதல் மேட்சிலேயே வந்துவிடும், அதைத் தாண்டிவிட்டால் சில நாள் ராத்திரி முழுக்க வராது. இன்னொன்று, ஏசி போட்டு ஆடினால் அடிக்கடி வருகிறது. மே மாத வெயிலில் ஃபேனை மட்டும் போட்டு வேர்த்துக்கொண்டு ஆடிய நாட்களில் பெரும்பாலும் வரவில்லை. வீட்டில் சொன்னால் கரண்ட் பில்லுக்காக நான் கதை விடுகிறேன் என்கிறார்கள்.

மெமரிலீக்:
ஏசி போட்டா கிராஷ் ஆகிற கார்டை இப்பதான் கேள்விப்படறேன் 😂 கார்டுக்குக் குளிருதாம், ஒரு போர்வை போத்தி விடுங்க

ஈரோட்டுக்காரன்:
ஏசி கம்ப்ரசர் கட்-இன் ஆகும்போது லைனில் வோல்டேஜ் ஒரு கணம் தொங்கும். அதனால்தான் ஏசி போட்டால் கிராஷ். நான் சொன்னேனே, எஸ்எம்பிஎஸ் பக்கமே வந்து நிற்கிறது. யாரிடமாவது நல்ல 850 வாட் கடன் வாங்கிப் போட்டுப் பாருங்கள்.

இரவுக்கழுகு:
நண்பன் ஒருவனிடம் 850 வாட் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை அவன் பிசியைப் பிரித்து எடுத்துவந்து மாட்டினோம். கேபிளும் அவனுடையதே. கதவைச் சாத்தி, ஏசியைப் போட்டு, வேலரன்ட் லாபியில் உட்கார்ந்து பிரியாணி ஆர்டர் செய்துகொண்டிருக்கும்போது இருட்டு. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

லாக் பார்த்தேன். கிராஷுக்கு முந்தைய வரிகளில் கோர் கிளாக் (சிப் ஓடும் வேகம்) 1995, டெம்பரேச்சர் 47, பவர் 100 வாட்கூட இல்லை. சைபர்பங்க் நடுவில் எடுத்த பழைய லாகில் 1860 பக்கத்தில்தான் ஓடுகிறது, 71 டிகிரி, அங்கே கிராஷ் இல்லை. ஃபர்மார்க்கில் கிளாக் 1545.

சால்டரிங் அயர்ன்:
இந்த மூன்று எண்ணும் போதும் தம்பி. 1545, 1860, 1995. முதல் இரண்டில் தாங்கி நிற்கிறது, மூன்றாவதில் விழுகிறது. போர்வை ஜோக் அடித்தவர் பாதி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

3070-க்கு என்விடியா குறித்திருக்கும் பூஸ்ட் கிளாக் 1725 மெகாஹெர்ட்ஸ். ஆனால் கார்டு அதோடு நிற்பதில்லை. பவர் மிச்சம் இருந்தால், சூடு குறைவாக இருந்தால், 15 மெகாஹெர்ட்ஸ் படிகளாகத் தானே ஏறிக்கொண்டு போகும். சூடாக ஆக ஒவ்வொரு படியாக இறங்கும். ஆக, குளிர்ந்த கார்டும் லேசான வேலையும் சேர்ந்தால்தான் கிளாக் உச்சத்தில் நிற்கும். உங்கள் லாபி, உங்கள் மெனு, உங்கள் ஏசி, மூன்றும் அதேதான். கம்ப்ரசருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஃபர்மார்க் பாஸ் ஆனது எதையும் நிரூபிக்காது. அது கார்டை முதல் நொடியிலேயே பவர் லிமிட்டில் கொண்டுபோய் முட்ட வைக்கிறது, கார்டு உடனே கிளாக்கைக் கீழே இறக்கிவிடுகிறது. கூலிங்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் தாங்குமா என்று பார்க்க அது நல்ல சோதனை. உச்சக் கிளாக்கில் சிப் கணக்குத் தப்பாமல் போடுகிறதா என்று அது பார்ப்பதே இல்லை. கடைகளில் இந்த டெஸ்டை ஓட்டிக் காட்டி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல்தான் வரும்.

ஓவர்கிளாக் எடிஷன் என்றால் தயாரிப்பாளர் அந்த 1725-ஐ இன்னும் மேலே தள்ளி வைத்திருக்கிறார். அதற்கும் மேலே பூஸ்ட் தன் படிகளை ஏறுகிறது. புதிதாக இருந்தபோது சிப் தாங்கியிருக்கும், வருடக் கணக்கில் ஓடிய பிறகு அதே வோல்டேஜுக்கு அதே கிளாக்கைத் தரத் திணறும்.

சோதிக்க ஒரு நயாபைசா செலவில்லை. என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, மேலே ஹெல்ப் மெனுவில் டீபக் மோட் என்று இருக்கும், அதை டிக் செய்யுங்கள். கார்டுக்குக் கம்பெனியில் ஏற்றிய ஓவர்கிளாக்கை அது நீக்கி அசல் அளவுக்குக் கொண்டுவரும். சில கார்டுகளில் ஓரத்தில் சின்னதாக ஒரு பயாஸ் சுவிட்ச் இருக்கும், ஓசி, சைலன்ட் என்று, அதையும் பாருங்கள். வேறு எதையும் இப்போது தொடாதீர்கள். ஒரே நேரத்தில் நாலு விஷயத்தை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

பிக்சல்பாண்டி:
கம்பெனியே டெஸ்ட் செய்து விற்கிற கிளாக் அண்ணே, அது எப்படித் தாங்காமல் போகும்? எனக்கென்னவோ கிரிப்டோ மைனிங்கில் ஓடிய கார்டாக இருக்கும் என்றுதான் தோன்றுகிறது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங்கை விட்டதும் மூட்டை மூட்டையாக 30 சீரிஸ் சந்தைக்கு வந்ததே.

சால்டரிங் அயர்ன்:
மைனிங்கில் ஓடியதாகவே இருந்தாலும் பெரும்பாலும் அவர்கள் கோர் கிளாக்கையும் பவரையும் குறைத்துத்தான் ஓட்டுவார்கள், மெமரியைத்தான் ஏற்றுவார்கள். மைனிங் என்ற ஒரே காரணத்துக்காகக் கோர் கெட்டுப்போயிருக்கும் என்று சொல்ல முடியாது. மெமரியைப் பார்க்க வேண்டுமென்றால் ஓசிசிடி என்ற டூலில் வீராம் (கார்டின் மெமரி) டெஸ்ட் இருக்கிறது, அதை ஓட்டட்டும். ஜிபியு-இசட் என்ற டூலில் வீபயாஸ் (கார்டின் சொந்த பயாஸ்) எண்ணை அசலோடு ஒப்பிட்டும் பார்க்கலாம்.

தாங்காமல் போவது பற்றி: கம்பெனி உறுதி சொல்வது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணுக்கு. 1995 எந்தப் பெட்டியிலும் போட்டிருக்காது. அது கார்டு தானாக ஏறிக்கொண்ட உயரம்.

இரவுக்கழுகு:
ஓசிசிடி வீராம் டெஸ்டில் பிழை இல்லை. வீபயாஸ் அசல்தான். சுவிட்ச் என் மாடலில் கிடையாது.

டீபக் மோட் போட்டேன். லாபியில் 1905-க்கு மேல் போகவில்லை. ஏசியை 20-இல் வைத்து, வேண்டுமென்றே மெனுவுக்கும் மேட்சுக்கும் மாறி மாறிப் போய், சைபர்பங்கில் சேவ் ஃபைலைத் திரும்பத் திரும்ப லோட் செய்து பார்த்தேன். அந்த வார இறுதி முழுக்க ஒரு 4101 இல்லை. திங்கட்கிழமை டீபக் மோடை எடுத்துவிட்டு அதே லாபியில் உட்கார்ந்தேன், டீ ஆறுவதற்குள் இருட்டு. திரும்பப் போட்டேன், நின்றுவிட்டது.

இப்போது நிரந்தரமாக என்ன செய்வது? அதையே டிக் செய்து வைத்துக்கொள்ளலாமா?

சால்டரிங் அயர்ன்:
கார்டின் கிளாக்கை மாற்ற ஆஃப்டர்பர்னர் என்ற டூலைப் போட்டுக்கொள்ளுங்கள். கோர் கிளாக்கில் மைனஸ் 90 கொடுத்து அப்ளை, மேலே ஸ்டார்ட்அப்பில் ஏற்றும் பொத்தானை அழுத்திவிடுங்கள். ஆடிப் பார்த்துவிட்டு மைனஸ் 75, மைனஸ் 60 என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஏற்றலாம், எங்கே விழுகிறதோ அதற்கு ஒரு 30 கீழே நிறுத்துங்கள். வோல்டேஜை ஏற்றி 1995-ஐக் காப்பாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வாரன்டி இல்லாத கார்டில் அந்த விளையாட்டு வேண்டாம்.

கொஞ்சம் பொறுமை இருந்தால் அதிலேயே கர்வ் எடிட்டரை (எந்த வோல்டேஜுக்கு எந்தக் கிளாக் என்று காட்டும் கோடு) திறந்து 1890 வரும் புள்ளிக்கு அப்புறம் இருக்கும் கோட்டை எல்லாம் தட்டையாக இழுத்துவிடலாம். அப்படிச் செய்தால் நடு வேகங்களில் எதையும் இழக்க மாட்டீர்கள், உச்சி மட்டும்தான் வெட்டப்படும். சூடும் ஃபேன் சத்தமும்கூடக் கொஞ்சம் இறங்கலாம்.

இந்த இழையைத் தேடி வந்து படிக்கும் இன்டெல் 13, 14-ஆவது தலைமுறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு வருவது இதே மாதிரி தெரியலாம், காரணம் வேறாக இருக்கலாம். அன்ரியல் எஞ்சின் கேம்களில் ஷேடர் கம்பைல் ஆகும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று சொல்லிவிட்டு கேம் செத்தால், 8 ஜிபி, 12 ஜிபி கார்டில் பாதிகூட நிரம்பாமல் அப்படி வந்தால், முதலில் கார்டை விட்டுவிட்டு சிபியு-வைச் சந்தேகப்படுங்கள். அந்தச் சில்லுகளில் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு உள்ளே தேய்ந்துபோகும் பிரச்சினை இருந்ததை இன்டெல்லே 2024-இல் ஒப்புக்கொண்டு, ஆகஸ்டில் 0x129, செப்டம்பரில் 0x12பி என்று பயாஸ் வழியாக ஏறும் மைக்ரோகோடு திருத்தங்களைக் கொடுத்தது, வாரன்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. பயாஸ் அப்டேட் செய்யாமல் இருப்பவர்கள் இன்றே செய்யுங்கள். ஏற்கெனவே தேய்ந்த சில்லை அந்த அப்டேட் மீட்டுத் தராது, அதற்கு ரீப்ளேஸ்மென்ட்தான் கேட்க வேண்டும். கழுகுக்கு ரைசன் என்பதால் ஆரம்பத்தில் இந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஈரோட்டுக்காரன்:
சரி, எஸ்எம்பிஎஸ் இல்லை, விடுங்கள். ஆனால் இதைப் படிக்கிற எல்லாருக்கும் இதேதான் என்று நினைத்துவிடாதீர்கள். பிசியே பட்டென்று அணைந்து, ஈவென்ட் வியூவரில் வெறும் கெர்னல் பவர் 41 மட்டும் இருந்தால் அப்போது என்னைத் தேடி வாருங்கள்.

சால்டரிங் அயர்ன்:
அதில் நான் ஈரோட்டு அண்ணன் பக்கம். அதேபோல் திரை போய் கார்டு ஃபேன் மட்டும் முழு வேகத்தில் அலறினாலும் முதலில் பவர் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

பிக்சல்பாண்டி:
எஃப்பிஎஸ் எவ்வளவு போச்சு கழுகு?

இரவுக்கழுகு:
1440பி-யில் சைபர்பங்க் 70 வந்த இடத்தில் 68, 69. வேலரன்டில் ஒன்றும் தெரியவில்லை, அது சிபியு பார்த்துக்கொள்வது. கர்வை 1890-இல் தட்டையாக்கி வைத்திருக்கிறேன், அன்றிலிருந்து ஈவென்ட் வியூவர் காலியாக இருக்கிறது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "பாத்தீங்களா, கார்டு நல்லாதானே இருக்கு" என்கிறார். மாற்றித் தர மாட்டாராம். பில் இல்லாமல் வாங்கியது, பேசிப் பயனில்லை. ஏசியையும் நிம்மதியாகப் போட்டுக்கொள்கிறேன்.

நெல்லைநண்டு:
அண்ணே நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், எனக்கு ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி. "டிரைவர் டைம்அவுட்" என்று ஏஎம்டி பெட்டி ஒன்று வந்து ரிப்போர்ட் அனுப்பவா என்று கேட்கிறது. டீபக் மோட் மாதிரி இதில் எங்கே இருக்கிறது?

சால்டரிங் அயர்ன்:
அந்தப் பெயரில் இல்லை. ஏஎம்டியின் அட்ரினலின் மென்பொருளில் பெர்ஃபார்மன்ஸ், ட்யூனிங் போய் மேனுவலுக்கு மாற்றினால் மேக்ஸ் ஃப்ரீக்வென்சி ஸ்லைடர் வரும், அதை ஒரு 100 இறக்கிப் பாருங்கள். அதற்கு முன்னால் எக்ஸ்எம்பி ஆஃப் செய்து ஒரு ராத்திரி. பிரவுசரில் வீடியோ ஓடவிட்டு ஆடும்போது மட்டும் வருகிறதா என்றும் கவனியுங்கள், அப்படியென்றால் பிரவுசரில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைத்துப் பார்க்க வேண்டும். லாகை எடுத்துக்கொண்டு தனி இழை தொடங்குங்கள், இங்கேயே போட்டால் இரண்டு கார்டின் கதையும் கலந்துவிடும்.